மாமியாருக்கு ஒரு பொட்டு

எங்கள் ஃபேக்டரி லைனில் நிற்கும் மெஷினுக்கு வெளிநாட்டுப் பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. வந்து இறங்கிய முதல் வாரமே மாமியார் என்று பெயர் வைத்துவிட்டோம். கடுகை நாலாக உடைத்தால் வரும் துணுக்கு அளவுக்குச் சின்னச் சின்ன சாமான்களை அது மூக்கால் உறிஞ்சி எடுக்கும். கீழே இருக்கும் கேமராவிடம் காட்டும். சரியாக இருந்தால் பச்சை சர்க்யூட் போர்டின் மேல் உட்கார வைக்கும். கொஞ்சம் பிசகினாலும் வேலையை நிறுத்திவிட்டு, தலையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கத்தும். தப்பு யார் பக்கம் என்று கண்டுபிடித்துத் தீர்க்கும்வரை சமாதானம் ஆகாது. இதற்கு வேறென்ன பெயர் வைப்பது? என் சொந்த மாமியார் தங்கமானவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியும்.

அந்தப் போர்டுகள் மின்சார ஸ்கூட்டருக்குள் போகின்றன. இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் கார்மென்ட்ஸில் இருந்தேன். பிறந்து வளர்ந்தது நகரத்து நடுவில் இருக்கும் அல்சூர். கல்யாணமான பிறகு வாடகைக்குப் பயந்து நகர்ந்து நகர்ந்து ஊருக்கு வெளியே சந்தாபுரா வந்து சேர்ந்தோம். வீட்டுக்காரர் கேப் ஓட்டுகிறார். நான் பொம்மனஹள்ளியில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்கில் காலர் மட்டும்தான். ஒரு முழுச் சட்டையைத் தைக்கச் சொன்னால் இன்றைக்கும் திணறுவேன். ஆனால் எங்கெங்கோ எத்தனையோ பேர் என் தையலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போயிருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் கேட்டில் பூட்டு. தூரத்தில் ஏதோ ஓர் ஊரில் கூலி குறைவு என்று யூனிட்டை அங்கே கொண்டுபோய்விட்டார்களாம். மெஷின்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையே லாரி ஏறிவிட்டன. டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றோம். பக்கத்து மெஷினில் இருந்த ஆனேக்கல்காரி, "டிபனையாச்சும் சாப்ட்டுட்டு போலாம், வா" என்றாள். நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவளுடைய எலுமிச்சை ஊறுகாயைப் பற்றிப் பேசிச் சிரித்தோம்கூட. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது. அந்தப் பூட்டின் மேல் எனக்கு இருந்த கோபம் ரொம்ப நாளுக்குத் தீரவில்லை.

பிறகு போர்டு கம்பெனிக்காரர்கள் கார்மென்ட்ஸ் பெண்களைத் தேடி வந்தார்கள். கை வேகம், கண் கூர்மை, சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட மாட்டார்கள் என்று எங்களுக்கு வெளியே நல்ல பெயர் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் அது தெரியாது. ஆனேக்கல்காரியும் நானும் சேர்ந்தே போனோம். கான்ட்ராக்டர் மூலமாகத்தான் எடுத்தார்கள். அதாவது, கம்பெனி எப்போது வேண்டாம் என்றாலும் மறுநாள் வர வேண்டியதில்லை. எனக்கு லென்ஸ் வைத்து போர்டு பார்க்கும் வேலை. நாள் முழுக்கக் குனிந்து, சாமான் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது கழுத்து எனக்குச் சொந்தமாக இருக்காது.

மாமியாரை ஓட்டுகிறவருக்குச் செட்டர் என்று பெயர். ஐ.டி.ஐ. படித்த பையன்கள்தான் செட்டர்கள். கெட்டிக்காரப் பையன்கள். ஆனால் ஒருத்தனும் நிலைக்க மாட்டான். எங்களைச் சுற்றி அப்போது மாசத்துக்கு ஒரு ஃபேக்டரி முளைத்துக்கொண்டிருந்தது. பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. எல்லோருக்கும் மெஷின் இருந்தது, ஓட்டத்தான் ஆள் இல்லை. மெயின் ரோட்டு டீக்கடையில் எதிர்க் கம்பெனிக்காரர் எங்கள் பையனுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். அடுத்த வாரம் அந்தப் பையன் அங்கே இருப்பான். அங்கிருந்து ஒருவனை எங்கள் ஆட்கள் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவார்கள். யார் எந்தக் கம்பெனி என்று டீக்கடைக்காரருக்குத்தான் சரியாகத் தெரியும்.

ஒருநாள் இருந்த செட்டர் பையன்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கம்பி நீட்டிவிட்டார்கள். மறுநாள் அனுப்ப வேண்டிய போர்டுகள் பாதியில் நிற்கின்றன. எங்கள் லைனுக்குப் பொறுப்பான இன்ஜினியர் திருநெல்வேலிக்காரர். ஊர்விட்டு ஊர் வந்து, சமைக்கத் தெரியாமல் இளைத்துப்போயிருந்த சின்ன வயசுக்காரர். அன்றைக்கு முழுக்கத் தானே மெஷினோடு மல்லுக்கட்டினார். சாயங்காலம் எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"ஏன்க்கா, உங்கள்ல யாராச்சும் மெஷின் படிச்சிக்கிடுதீங்களா? நீங்கதான் விட்டுட்டுப் போவ மாட்டீங்க" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். சாதிக்க வேண்டும் என்ற வெறி, லட்சியம், அதெல்லாம் இல்லை. கழுத்து வலி. செட்டர் என்றால் நிமிர்ந்து நடந்துகொண்டிருக்கலாம் என்று பார்த்து வைத்திருந்தேன். பிறகு, நாங்கள் விட்டுப் போக மாட்டோம் என்று அவர் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

படிப்பு சுலபமாக இல்லை. திரையில் வருவதெல்லாம் ஆங்கிலம். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அதற்குள் மாமியார் அடுத்த குற்றச்சாட்டுக்குப் போய்விடும். இன்ஜினியர் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார். இருந்தாலும் ஒரே தப்பை நான் திரும்பத் திரும்பச் செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அவர் கண்ணாடி அந்த மாதங்களில் பளபளவென்று இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் பிடி கிடைத்தது. மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே, இப்போது நிற்கப்போகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். நான் படிப்பதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆனேக்கல்காரி வந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண் ஒருத்தி, எங்களில் இளையவள், அவளும் வந்தாள். கை ஓயும்போதெல்லாம் மெஷினைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு விஷயம் சொன்னது. ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து பரிசோதகர் ஒருவர் வருவார். வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவர் முன்னால் மெஷினை ஓட்டிக் காட்டித் தேறினால் செட்டர் என்று சான்றிதழ். செட்டர் ஆகிவிட்டால் கான்ட்ராக்ட் கிடையாது, கம்பெனி ஆள். முதலில் தயாரானவள் நான் என்பதால் என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். இன்னொரு தரம் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வெளியே நிற்க என்னிடம் தெம்பில்லை. நான் தேறினால்தான் மற்ற பெண்களையும் அடுத்து அனுப்புவார்கள், இல்லாவிட்டால் பழையபடி பையன்களைத் தேடிப் போவார்கள் என்றும் காதில் விழுந்தது. அதனால் அது எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் தேர்வு.

வீட்டுக்காரர் தன் பங்குக்கு உதவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூருக்கு அம்மா வீட்டுக்குப் போகும்போது, சில்க் போர்டு சந்திப்பில் சிக்னல் விழுந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"சிவப்பு எரியுது. முதல்ல இன்னா பண்ணுவ?"

"நிறுத்துவேன்."

"அப்புறம்?"

"எதையும் தொடாம, எங்க நின்னுதுன்னு பாப்பேன்."

"அப்புறம்?"

அதற்குள் பச்சை விழுந்துவிடும். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள். சில்க் போர்டு சிக்னல் நீளமானது என்று ஊரே திட்டும். எனக்கு அந்த நாட்களில் அது போதவில்லை.

பரிசோதகர் வரும் நாள் ஆயுத பூஜைக்கு அடுத்து வந்தது. பண்டிகை லீவு முடிந்து ஃபேக்டரி திறக்கும் முதல் நாள். இங்கேதான் வினை ஆரம்பித்தது.

மாமியார் இருக்கும் அறைக்குள் தூசி ஆகாது. நீலக் கோட்டும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, செருப்பு மாற்றிக்கொண்டுதான் நுழைய வேண்டும். பூ வைக்கக் கூடாது. நெற்றியில்கூட ஸ்டிக்கர் பொட்டுதான். குங்குமம் உதிரும் என்பதால் தடை. இதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டே வைக்கக் கூடாது என்று இன்ஜினியர் சொன்னபோது ஒருவராலும் தாங்க முடியவில்லை.

"கேன்டீன்ல இருக்கிற கிரைண்டருக்குப் பூஜை. பஸ்ஸுக்குப் பூஜை. நம்பளுக்குச் சோறு போடற மாமியாருக்கு மட்டும் பேடாவா?" என்றாள் ஆனேக்கல்காரி. பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். எதற்கும் அடங்காத கோபம் வந்தால் அவளுக்குத் தமிழோடு கன்னடமும் சேர்ந்து வரும்.

"சூடம் கூடாது, பூசணிக்காய் கூடாது, குங்குமம் கூடவே கூடாது. என்ன செய்யச் சொல்லுதீங்க? எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றார் இன்ஜினியர். அப்புறம் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். மெஷினைக் கலரில் போட்டோ எடுத்துப் பெரிசாக்கி, ஃபிரேம் போட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைத்தார். எங்கள் மனம் குளிரட்டும் என்று அவரே பணிவாக ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்து அதற்குப் போட்டார். இரண்டு பக்கமும் ஊதுபத்தி. முன்னால் ஒரு விளக்கு.

நாங்கள் பொரியும் கடலையும் வாங்கிக்கொள்ள வந்தவர்கள், அந்த மேஜையைப் பார்த்து அப்படியே நின்றோம்.

கிருஷ்ணகிரிப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அக்கா, இன்னாக்கா இது? மாமியாருக்குக் கருமாதி பண்ற மாதிரி இருக்குது?"

யாருக்கும் அதற்குமேல் பொரி இறங்கவில்லை. போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றினால் அது யாருக்கு என்பது ஊரறிந்தது. இன்ஜினியர் பாவம், நல்லது செய்வதாக நினைத்து, உயிரோடு இருக்கும் மெஷினைச் செத்தவர்கள் வரிசையில் வைத்துவிட்டார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அவசரமாக மாலையைக் கழற்றினார். கழற்றியது இன்னும் மோசமாகத் தெரிந்தது. "சும்மா இருங்கடி, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று நான் எல்லோரையும் அதட்டினேன். எனக்கும் உள்ளுக்குள் பகீரென்றுதான் இருந்தது. லீவு முடிந்து என் தேர்வு. அதற்கு முன்னால் இப்படி ஒரு சகுனமா?

"யாரும் மெஷின்கிட்ட விளையாடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவ்வளவு லேசாக ஆட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

லீவு முடிந்தது. பரிசோதகர் மைசூர்க்கார அம்மா. நரைத்த முடியை இறுக்கிக் கட்டி, மூக்கு நுனியில் கண்ணாடி வைத்திருந்தார். அவர் பேசியது முழுக்கக் கன்னடம், நாங்கள் பேசும் தமிழ் அவருக்குப் புரியும். அவர் சொன்னதை நான் தமிழிலேயே தருகிறேன். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. "ஆரம்பிங்க" என்றார்.

ஒரு வகைப் போர்டிலிருந்து இன்னொரு வகைக்கு மெஷினை மாற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். அதை நான் தூக்கத்தில்கூடச் செய்வேன். சாமான் சுருள்களை மாற்றினேன். மூக்குகளை மாற்றினேன். திரையில் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். எங்கள் பெண்கள் சுவரோரமாக வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டனை அமுக்கினேன். மாமியார் எழுந்து நடக்க ஆரம்பித்தது.

எடுத்தது. கேமராவிடம் காட்டியது. குப்பைத் தட்டில் போட்டது.

மறுபடி எடுத்தது. காட்டியது. குப்பையில் போட்டது. எந்தச் சாமானை எடுத்தாலும் அதற்குப் பிடிக்கவில்லை. பிறகு சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கத்த ஆரம்பித்தது.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உதவக் கூடாது என்பது விதி. போட்டோவும் மாலையும்தான் கண் முன்னால் வந்தன. அப்புறம் சில்க் போர்டு சிக்னல் ஞாபகம் வந்தது. நிறுத்தினேன். எதையும் தொடாமல் நின்று பார்த்தேன். ஒரே ஒரு சாமானைத் தூக்கிப் போட்டால் சாமானில் கோளாறு. எல்லாவற்றையும் போட்டால் பார்க்கிற கண்ணில் கோளாறு. மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். கேமராவின் கண்ணாடி மேல் சிட்டிகை அளவு சிவப்புத் தூள்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது?

மெல்லிய துணியால் துடைத்தேன். துடைத்துவிட்டு, "தூசி, மேடம்" என்று சொன்னால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். சொன்னேன்கூட. அந்த அம்மா விடவில்லை.

"எங்கேயிருந்து வந்தது? மறுபடியும் விழாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காதவள் செட்டரே இல்லை. கண்டுபிடித்தாலோ, என் கூட்டாளிகள் மாட்டிக்கொள்வார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். வரிசை மொத்தமும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் மூக்கு மேல் வந்தது. டார்ச்சைத் தூக்கி மூடியின் உள்பக்கம் அடித்தேன். அங்கே, கேமராவுக்கு நேர் மேலே, அழகாக ஒரு குங்குமப் பொட்டு. மெஷின் அசைந்த அசைவில் பாதி உதிர்ந்துவிட்டது.

"குங்குமம், மேடம்" என்றேன்.

"ஒண்ணுதானா?"

பார்த்தேன். பக்கவாட்டுக் கதவின் உள்ளே ஒன்று. சுருள்கள் மாட்டும் சட்டத்துக்குப் பின்னால் ஒன்று. அவசர பட்டனுக்கு அடியில் ஒன்று. குனிந்தால் ஒன்று, எட்டிப் பார்த்தால் ஒன்று. ஒவ்வொருத்தியும், நான் ஒருத்தி மட்டும் வைத்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று, மற்றவளுக்குத் தெரியாமல் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். போட்டோவுக்கு மாலை போட்ட தோஷம் கழிய வேண்டும் என்று. எனக்காக. மாமியார் உள்ளுக்குள் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

"யார் வேலை?" என்று அந்த அம்மா திரும்பிக் கேட்டார்.

ஆனேக்கல்காரி ஓர் அடி முன்னால் வந்தாள். "நான் மேல் மூடியில மட்டும்தான் மேடம் வச்சேன். அதுவும் தண்ணி தொடாம காஞ்ச குங்குமம். உள்ள ஈரம் ஆகாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க." நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஈரமாக வைத்திருந்தால் ஒட்டிக்கொண்டாவது இருந்திருக்கும்!

"என்னுது கீபோர்டுக்கு அடியில" என்றாள் கிருஷ்ணகிரிப் பெண். "ஆனா அது ஸ்டிக்கர் பொட்டு, மேடம். உதிராது."

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக, எங்கே என்று சொல்லச் சொல்ல, நான் துணியை எடுத்துக்கொண்டு அங்கே போய்த் துடைத்தேன். கடைசியில் மெயின் சுவிட்சுக்குப் பின்னால் ஒன்று மிச்சமிருந்தது. அது குங்குமமும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. மூன்று விரல் இழுத்த விபூதிப் பட்டை. எங்களில் யாரும் அதற்கு உரிமை கொண்டாடவில்லை.

இன்ஜினியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது நான்தான், மேடம். அம்மா போன்ல சொன்னா. மாலை போட்டது தப்புன்னு ரொம்ப வருத்தப்பட்டா."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். மாஸ்க்குக்குள் அத்தனை பேரும் குலுங்கினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் தேர்வு என்ன ஆகும் என்றுதான் பயம். கூடவே, என்னிடம் சொல்லாமல் இத்தனை பேர் எனக்காக வேண்டியிருக்கிறார்களே என்றும் இருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "உங்க பொட்டு எங்கே?"

"நான் வைக்கல, மேடம்."

"ஏன்?"

"பயம். தேறணும்னு ஆசை."

அவர் தலையை அசைத்தார். "ஓட்டிக் காட்டுங்க."

பட்டனை அமுக்கினேன். மாமியார் எடுத்தது, காட்டியது, உட்கார வைத்தது. எடுத்தது, காட்டியது, உட்கார வைத்தது. மனம் நிறைந்த மாதிரி ஒரு சத்தம் அதற்கு உண்டு. அந்தச் சத்தத்தோடு ஓடியது. போர்டுகள் வரிசையாக வெளியே வந்தன. அந்த அம்மா ஒவ்வொன்றாக லென்ஸில் வைத்துப் பார்த்தார். எதையும் ஒதுக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "மெஷின் எங்கே நின்னாலும் நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. அது போதும். ஆனா அடுத்த வருஷம் உள்ளே ஒரு பொட்டு இருந்தாலும் நான் உங்களைத்தான் கேட்பேன். அவங்களை இல்லை."

அப்படித்தான் நான் தேறினேன். சான்றிதழ் தாளில் வருவதற்குச் சில நாட்கள் ஆயின. வந்த அன்றைக்கு நேராகப் போய் என் சொந்த மாமியாரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "இதுல சம்பளம் எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். சொன்னேனே, அவருக்கு வாசிக்கத் தெரியும்.

அந்த வருஷத்துக்குள் எங்கள் ஆட்களில் பலர் செட்டர் ஆகிவிட்டார்கள். எனக்குச் சோதனை நடத்த வந்த அம்மாவை எங்கள் கம்பெனி அதன் பிறகு கெஞ்சிக் கெஞ்சி இன்னும் சில தடவை வரவழைத்தது. கிருஷ்ணகிரிப் பெண் பக்கத்து லைன் மெஷினை எடுத்துக்கொண்டாள். என்னைவிடச் சுறுசுறுப்பு. டீக்கடையில் இப்போது எங்களுக்கும் டீ வாங்கிக் கொடுக்க ஆள் நிற்கிறார்கள். ஆனேக்கல்காரி டீயையும் பஜ்ஜியையும் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் விட்டுப் போக மாட்டோம் என்று இப்போதெல்லாம் இன்ஜினியர் அவ்வளவு நிச்சயமாகச் சொல்வதில்லை. அதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் விதியைச் சொல்ல வேண்டியவள் நான். லைனில் எல்லோரையும் நிறுத்திவைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன்: "குங்குமம் கூடாது. ஸ்டிக்கர் கூடாது. விபூதி கூடாது. போட்டோ வச்சீங்கன்னா நானே கிழிச்சிப் போட்டுடுவேன்." இன்ஜினியர் உட்பட எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இந்தத் தடவை நான் நம்பவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் மெஷின் முழுக்கத் தேடினேன். ஒன்றுமில்லை. அதுவே எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. இவ்வளவு சொல்பேச்சு கேட்கிற ஆட்களா இவர்கள் என்று கொஞ்சம் ஏமாற்றம்கூட.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்குமுன் கேட்டில் பூஜை. பஸ்ஸுக்கு வாழைக்கன்று, கிரைண்டருக்கு மாலை. சூடத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி ஒரு தரம் மெஷினைத் தேடலாம் என்று நான் நழுவினேன். ஆனேக்கல்காரி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"எங்க ஓடற? கைய நீட்டு."

"எதுக்கு?"

"மெஷினுக்குத்தானே வைக்கக் கூடாது? அத ஓட்டற கைக்கு வைக்கலாமில்ல? விதி அதுக்கும் போட்டுக்கிறியா?"

அவள் பின்னால் மொத்த லைனும் நின்றது. எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியாது. என் இரண்டு புறங்கையிலும் சந்தனத்தைத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள். பிறகு தன் கையை நீட்டினாள். அவளுக்கு நான் வைத்தேன். அப்படியே ஒருத்திக்கு ஒருத்தி. இன்ஜினியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். எங்கள் கைகளை எல்லாம் ஒன்றாக நீட்டச் சொல்லி, கேன்டீன்கார அண்ணன் சூடம் காட்டினார். காலர் வைத்த கை, பட்டன் தைத்த கை, ஒரு பூட்டுக்கு வெளியே டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நின்ற கை. நான் அழுதேன். வாய்விட்டே அழுதேன். மாஸ்க் இல்லாத இடம், மறைக்க வழியில்லை.

மணி அடித்தது. உள்ளே போக வேண்டுமானால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும். எல்லோரும் குழாயடியில் நின்றோம். செட்டர் என்ற முறையில் நான் கதவருகே நின்று ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்து உள்ளே அனுப்பினேன். யாருக்கும் சலுகை காட்டவில்லை. இன்ஜினியரை மறுபடி கழுவிவிட்டு வரச் சொன்னேன். கடைசியாக நானும் கழுவிக்கொண்டு வந்தேன். கழுவ மனசே வரவில்லை என்பது உண்மை.

கதவருகில் கிருஷ்ணகிரிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். "காட்டுங்கக்கா" என்றாள். காட்டினேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இடுக்குல இன்னும் இருக்குது. போய் கழுவிட்டு வாங்க" என்றாள்.

போய்க் கழுவிவிட்டு வந்தேன்.